பாவா வழக்கம்

திருத்தணியில் பண்பாட்டு மரியாதை மையம் வருவதற்கு முன்னால் லோயிஸ் எங்கள் எல்லோரையும் பாவா என்றுதான் கூப்பிடுவாள். மேஸ்திரி பாவா. மணல் லாரி ஓட்டுகிறவன் பாவா. டீ கொண்டுவருகிற பல்லில்லாத கிழவரும் பாவா. நான் வேடியப்பன் பாவா.

எங்கள் பக்கம் ஆந்திரா எல்லை கூப்பிடு தூரம். நகரி ஆட்களும் புத்தூர் ஆட்களும் கட்டட வேலைக்கு வந்து வந்து அந்தச் சொல் சிமெண்டுத் தூசி மாதிரி எல்லோர் மேலும் படிந்துவிட்டது. தெலுங்கில் அது அத்தை மகனை, அக்கா புருஷனை, அதாவது முறை உள்ளவனைக் கூப்பிடுகிற சொல்லாம். சாரத்தின் மேல் நிற்கிறவனுக்கு அந்த அர்த்தமெல்லாம் கிடையாது. அங்கே பாவா என்றால் தலையைப் பார்த்துக்கொள், சட்டி வருகிறது என்று அர்த்தம்.

லோயிஸ் சித்தாள் வேலைக்குத்தான் வந்தாள். கலவைச் சட்டி தூக்கிக்கொண்டே பார்த்துப் பார்த்துப் பூச்சுக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அவள் பூசிய சுவரில் மட்டப்பலகையை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரியாது. "அடுத்த வருசம் இவளுக்கு நான் சட்டி தூக்கினு இருப்பேன் போலகீது" என்பார் மேஸ்திரி. அவளுக்கும் அதுதான் ஆசை. சொந்தமாக ஆள் வைத்து வேலை எடுத்துச் செய்ய வேண்டும். லோயிஸ் மேஸ்திரி என்று ஊர் கூப்பிட வேண்டும்.

அவள் வீடு மிஷன் தெருவில். கனகம்மாசத்திரம் போகிற சாலையிலிருந்து இறங்கினால் முதலில் கோயில் மாதிரி இல்லாத ஒரு கோயில் தெரியும், கோபுரத்தில் ஒலிபெருக்கிக் குழாயோடு. அது சபை. அதைச் சுற்றி வெள்ளைக்காரப் போதகர் காலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பங்கள். அவர்களும் எங்களைப் போலக் கரும்பு வெட்டினார்கள், கலவை கலந்தார்கள், ரேஷன் கடையில் சண்டை போட்டார்கள். எங்களுக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தெரியும்.

அந்தத் தெருவை மதிக்கத்தான் மையம் வந்தது.

பை-பாஸ் பக்கத்தில் கண்ணாடிக் கட்டடம். வாசலில் ஆள் உயர எழுத்து: "மதிப்போம். தொடமாட்டோம்." இயக்குநர் பெயர் சுந்தரமூர்த்தி. கழுத்தில் ஒரு ஊர்த் துண்டு, காலில் இன்னொரு ஊர்ச் செருப்பு, மேலே வேறெங்கோ நெய்த சட்டை. பெண்கள் பிரிவுக்கு அனுராதா என்கிற மேடம். இருவரும் ஒருநாள் மிஷன் தெருவுக்கு வந்தார்கள். நானும் லோயிசும் சபைக்குக் காம்பவுண்டு சுவர் எழுப்பிக்கொண்டிருந்தோம். சபை மூப்பர் ஜெபரத்தினம் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்.

"உங்கள் சமூகத்துக்கே உரிய வழக்கம் என்ன?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி.

"ஞாயித்துக்கெழம ஆராதன வெக்கறோம்ங்க."

"அது எல்லாக் கிறிஸ்தவர்களும் செய்வது."

"கிறிஸ்மசுக்கு பிரியாணி போடறோம்."

"அது நானும் சாப்பிடுவேன். வேறு?"

மூப்பர் யோசித்தார். "கல்யாணம்னா மூணு வாரம் சபையில ஓலை வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்கானா ஆட்சேபன இருந்தா சொல்லலாம்னு."

"எல்லா ஊரிலும் இருக்கிறது. உங்களுக்கு மட்டும்?"

"சண்ட சச்சரவுன்னா போலீசுக்குப் போவோம்ங்க."

அனுராதா மேடத்தின் பேனா நின்றது. "அதெல்லாம் வெளியே சொல்லாதீங்க" என்றார், யாரோ சாப்பாட்டில் முடியைப் பார்த்ததுபோல.

சுந்தரமூர்த்தி எழுந்துவிட்டார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். "தனி வழக்கம் இல்லாத மக்களை எப்படி மதிப்பது? எதை மதிப்பது? மன்னியுங்கள் ஐயா. நீங்கள் மிகவும் சாதாரணமாக இருக்கிறீர்கள்."

மூப்பர் முகம் சுண்டிப்போனது. அந்த நேரத்தில் அவர் மகன் பென்சன் வழியை மறித்து நின்று செல்போன் பார்த்துக்கொண்டிருந்தான். லோயிஸ் தலையில் சட்டியோடு வந்தாள்.

"பாவா, ஓரமா நில்லுங்க, சட்டி வருது."

மூப்பர் அவளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஒண்ணு இருக்குதுங்க" என்றார்.

"சொல்லுங்கள்."

"எங்க வழக்கத்துல, ஒரு பொண்ணு நாலு பேர் எதிர ஒருத்தன பாவான்னு கூப்ட்டுட்டா முடிஞ்சிது. அவ அவனுக்குத்தான்."

அனுராதா மேடம் நெஞ்சில் கை வைத்தார். "எவ்வளவு பழைய வழக்கம்?"

"எங்க தாத்தா காலத்துலருந்துங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி அவுரு பொறக்கலீங்களே."

லோயிஸ் சட்டியை இறக்கிவைத்துச் சிரித்தாள். "இன்னா மூப்பரே, அப்டிப் பாத்தா இந்த மணல் லாரிக்காரரு, டீக்கடத் தாத்தா, இதோ நிக்கற வேடியப்பன் பாவா, அல்லாரும் எனக்குப் புருசந்தான். ரேசன் கார்டுல எடம் பத்தாது." நாங்களும் சிரித்தோம். எழுதிக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரிக்கவில்லை. மூப்பர் சிரிக்கவில்லை. பென்சன் செல்போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு அவளை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தான்.

பென்சனுக்கு யாரும் பெண் கொடுக்காமல் இருந்தார்கள். அவன் முதல் மனைவி ப்ளெஸ்ஸி, மூப்பர் வீட்டுக் கிணற்றில் விழுந்து செத்தாள். தவறி விழுந்தாள் என்று தெருவே ஒத்துக்கொண்டது. அந்தக் கிணற்றுக்குச் சுற்றுச் சுவர் கட்டியது நான்தான். மார் உயரம். அதில் தவற வேண்டுமானால் முதலில் ஏற வேண்டும்.

அடுத்த வாரம் தெரு முனையில் பலகை நட்டார்கள்: "பாவா வழக்கம் பாதுகாக்கப்பட்ட பகுதி." கீழே சின்ன எழுத்தில், லோயிஸ், பென்சன் பெயர்கள். வழக்கம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அவர்கள் இரண்டு பேரும்தான் அத்தாட்சியாம்.

லோயிஸ் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு மையத்துக்குப் போனாள். உள்ளே கண்ணாடிப் பெட்டிகள். ஒன்றில் மீன் கூடை, ஒன்றில் உலக்கை. தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. "இதே மாதிரி ஒலக்க எங்க வூட்ல கோழிக் கூண்டுக்கு முட்டு குடுத்துகீறோம்" என்றாள். அப்போது அவளுக்கு இன்னும் பயம் வரவில்லை.

சுந்தரமூர்த்தி எழுந்து நின்று கும்பிட்டார்.

"ஐயா, எனக்கு அந்தாளக் கட்டிக்க இஷ்டமில்லீங்க" என்றாள்.

அவர் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டார். மிகவும் மரியாதையாகப் பொத்திக்கொண்டார். "அம்மா, தயவுசெய்து அதை என்னிடம் சொல்லாதீர்கள். சொன்னால் எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் தலையிட வேண்டியிருக்கும். தலையிட்டால் அது ஆதிக்கம்."

"அப்ப யாராண்ட சொல்றது?"

"உங்கள் சமூகத்திடம்."

"சமூகம்னா யாருங்க?"

"மூப்பர்."

"மூப்பரு மவனப் பத்தித்தான்யா சொல்லிகினு கீறேன்."

"அப்படியானால் மிகவும் வசதி. வெளியே எங்கும் அலைய வேண்டாம்."

"நான் இவரயுந்தான் பாவான்னு கூப்புடறேன்" என்று என்னைக் காட்டினாள்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவர் பெரும்பான்மை. இவரைக் கூப்பிட்டது வெறும் சத்தம். பென்சனைக் கூப்பிட்டது பண்பாடு."

"ஐயா, அவன் மொத சம்சாரம் ப்ளெஸ்ஸி கெணத்துல..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீங்கள் வெளியாள்" என்றார். குரலில் கோபமே இல்லை. "அந்தப் பெண் செத்ததற்கு அவர்கள் வருத்தப்பட்டால் அது துக்கம். நீங்கள் வருத்தப்பட்டால் அது வெறுப்பு. கவனமாக இருங்கள்."

அனுராதா மேடம் லோயிசைத் தனியாகக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "லோயிஸ், எனக்கு இப்படி நடந்திருந்தா நான் அன்னைக்கே கோர்ட்டுக்குப் போயிருப்பேன். ஆனா எனக்கு என்ன இருக்கு? வெறும் சட்டம்தான் இருக்கு. உங்களுக்குப் பண்பாடு இருக்கு. உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு."

"அப்ப மாத்திக்கலாம் மேடம். நீங்க பென்சனக் கட்டிக்கோங்க. நான் கோர்ட்டுக்குப் போறேன்."

மேடம் சிரித்தார். நகைச்சுவை உணர்வு மிக்க மக்கள் என்று எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு போலீஸ் ஸ்டேஷன், தாலுகா ஆபீஸ் என்று நாங்கள் ஏறி இறங்கிய இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். பண்பாட்டு விஷயமா, மையத்தில் கேட்டுக்கொண்டு வா என்றார்கள். சபைக்கு மணியடிக்கிற வேலை செய்யும் அவளுடைய அப்பா ஆபேல் அவளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. குடியிருக்கிற வீடு சபை நிலத்தில் இருக்கிறது. நிலத்துக்கு மூப்பர்தான் பொறுப்பு. "நைனா, நீயாவது ஒரு வார்த்த சொல்லேன்" என்று அவள் கேட்டபோது அவர் மணிக்கயிறு மாதிரி தொங்கிக்கொண்டு நின்றார்.

மிஷன் தெருப் பெண்கள் அன்றிலிருந்து ஆம்பளைகளைக் கூப்பிடுவதையே விட்டார்கள். இன்றைக்கு பாவா என்கிற சொல் பிடித்துக்கொண்டது, நாளைக்கு மாமா என்றால் என்ன ஆகுமோ, தம்பி என்றால் என்ன ஆகுமோ, யார் கண்டது? கை தட்டினார்கள். தாழ்ப்பாளை ஆட்டினார்கள். ஒருத்தி புருஷனைச் சாப்பிடக் கூப்பிடத் தட்டைத் தட்டினாள். புருஷனோடு பக்கத்து வீட்டு நாயும் வந்து உட்கார்ந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் வாய் திறப்பதில்லை. கையால் மலையும் படியும் வரைந்தால் திருத்தணி. கரும்பு கடிப்பதுபோலக் காட்டினால் திருவாலங்காடு. தறி இழுப்பதுபோல ஆட்டினால் அம்மையார்குப்பம். ஒரு கிழவி காதுக் குடைச்சலால் தலையை ஆட்டப்போய் அரக்கோணத்துக்குச் சீட்டு கிழித்துக் கொடுத்துவிட்டார்கள்.

வேலையிடத்தில் லோயிஸ் எங்களை விசிலடித்துக் கூப்பிட்டாள். எனக்கு அந்த விசில் பிடிக்கவில்லை. முன்னெல்லாம் அவள் வருவது பேச்சிலேயே தெரியும். இப்போது திடீரென்று பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

மையம் இதைக் கவனித்தது. மறுபடி நாற்காலி போட்டார்கள்.

"உங்கள் பெண்கள் ஆண்களிடம் பேசுவதில்லையே! இதை ஏன் முன்பே சொல்லவில்லை?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி.

மூப்பர் இப்போது தேறியிருந்தார். "கேக்கலயேங்க நீங்க. எங்க பொம்பளைங்க ஆம்பளைங்க எதிர வாயத் தெறக்கமாட்டாங்க. இன்னா கேட்டாலும் 'ம்'னு சொல்லுவாங்க. அதுக்கு வாயத் தெறக்க வேண்டியதில்ல பாருங்க."

"எவ்வளவு நுட்பம்!" என்றார் அனுராதா மேடம்.

இரண்டாவது பலகை வந்தது: "இங்கே பெண்கள் பேசுவதில்லை. பேசும்படி வற்புறுத்தாதீர்கள். பேசினால் கேட்காதீர்கள்." மலையில் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலைகளோடு வேன்கள் மிஷன் தெருவுக்குத் திரும்ப ஆரம்பித்தன. இறங்கிப் பெண்களைப் படம் எடுத்தார்கள். குழந்தைகளிடம், "பாத்தியா, எவ்ளோ அடக்கம், நீயும் கத்துக்கோ" என்றார்கள். என் மனைவி குப்பம்மாள் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம தெருவுல ஒரு போர்டு வைய்யா. இங்க பொம்பளைங்க வாய மூடறதில்லன்னு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சிரிக்கறதா அழுவறதான்னே தெரியல. அந்தப் பொண்ண எங்கியானா அனுப்பிடு" என்றாள்.

அனுப்புவதற்குள் என்னைக் கூப்பிட மையத்தின் ஆள் வந்துவிட்டான். மிஷன் தெருக்காரர்களோடு வேலை செய்கிற வெளியாட்கள் எல்லோரும் மரியாதைப் பயிற்சிக்கு வர வேண்டுமாம். வகுப்பு எடுத்தவர் ஆதிகேசவன் என்கிற பயிற்சியாளர். நல்ல மனிதர். எங்களுக்கு மோர் கொடுத்தார்.

"கண் கெட்டவனுக்குக் கண் தெரியாது. காது கெட்டவனுக்குக் காது கேட்காது. மரியாதை உள்ளவனுக்கு இரண்டும் நன்றாக வேலை செய்யும், ஆனாலும் கேட்காது. அதுதான் பயிற்சி" என்றார்.

ஒரு நடுவயசு அம்மாவைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் நிறுத்தினார்கள். அவர் திடீரென்று, "ஐயோ நெருப்பு! புடவையில நெருப்பு! யாரானா வாங்களேன்!" என்று அலறினார். மேஸ்திரியும் மற்றவர்களும் சொல்லிக்கொடுத்தபடி புன்னகைத்து, "அழகான வழக்கம்" என்றார்கள். நான் எழுந்து மோர்ப் பானையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் தலையில் கொட்டிவிட்டேன்.

ஆதிகேசவன் என்னைத் திட்டவில்லை. தோளில் தட்டிக்கொடுத்தார். "முதல் தடவை எல்லாருக்கும் கை பதறும். பழகிடும்" என்றார். மோர் சொட்டச் சொட்ட அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் புடவை ஓரத்தில் ஓர் இடம் உண்மையாகவே கருகியிருந்தது.

லோயிஸ் திருவாலங்காட்டில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு ஓடிப்போனாள். குப்பம்மாள்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். கரும்புத் தோட்டத்துக்கு நடுவில் வீடு; யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம். மறுநாள் சாயங்காலமே மையத்தின் வெள்ளை வண்டி அவளைக் கொண்டுவந்து இறக்கியது. யாரும் அடிக்கவில்லை, இழுக்கவில்லை. வண்டி ஓட்டுகிறவன் வெள்ளைக் கையுறை போட்டிருந்தான். அவளைச் சுற்றிப் பஞ்சு மெத்தை வைத்து, கண்ணாடிச் சாமான் கொண்டுவருவதுபோல் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"வழக்கத்தை அது இருக்கிற இடத்திலிருந்து பெயர்த்தால் சேதமாகிவிடும்" என்று ஆபேலிடம் விளக்கினார் சுந்தரமூர்த்தி. வாசலில் இரண்டு ஆட்களை நிறுத்தினார். "இது காவல் இல்லை. பராமரிப்பு."

அன்று அவளிடம் நான் பேசியது ஜன்னல் வழியாகத்தான்.

"ஒன்ன இன்னான்னு கூப்புடறதுன்னே தெரியலய்யா" என்றாள். "பேரச் சொல்லிக் கூப்புடவா?"

"கூப்புடு."

"வேடியப்பன்" என்றாள், சொல்லிப் பார்க்கிற மாதிரி. "எனக்கும் அவனுக்கும் சபையில ரெண்டு ஓலை வாசிச்சிட்டாங்க. மூணாவது பாக்கிகீது. அதுல போதகரு ஆட்சேபன இருந்தா சொல்லலாம்னு கேப்பாரு இல்ல? கேக்கறது அவுங்க வழக்கம்தான? நான் எழுந்து சொல்லிடப் போறேன். சபைக்கு நடுவுல, மைக்குக்கு எதிர. எப்டிக் கேக்காம போவும், சொல்லு?"

"கேக்காம எப்டிப் போவும்" என்றேன்.

மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை மிஷன் தெருவில் வேன் நிறுத்த இடமில்லை. சபைக்குள் முன் வரிசையில் சுந்தரமூர்த்தி, அனுராதா மேடம், பதிவு செய்கிற கருவியோடு ஆதிகேசவன். நான் வெளியாள் என்பதால் வெளியே, ஜன்னல் பக்கத்தில் நின்றேன். போதகர் இளவயசுக்காரர்.

"இவர்கள் விவாக பந்தத்தில் இணைவதற்கு நியாயமான தடை ஏதும் அறிந்தவர்கள், இப்பொழுதே தெரிவிக்கலாம்."

லோயிஸ் எழுந்தாள். வெள்ளைப் புடவை கட்டியிருந்தாள். நடந்து மைக்குக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"வாணாம்" என்றாள்.

கோபுரத்துக் குழாயில் அது தெரு முழுக்கக் கேட்டது. சாலையில் நின்ற பஸ்ஸிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது, தப்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

சுந்தரமூர்த்தி மெதுவாக எழுந்தார்.

"போதகர் அவர்களே, அவர் வாய் திறந்ததை நாங்கள் பார்க்கவில்லை. பார்க்காமலிருப்பது எங்கள் கடமை. ஆனால் ஓர் ஒலி எழுப்பியிருக்கிறார். அதை மதிக்காமலிருக்க முடியாது. மேடம், பதிவு என்ன சொல்கிறது?"

அனுராதா மேடம் காதில் மாட்டியிருந்ததைச் சரிசெய்துகொண்டார். "முதல் ஒலி 'வா'. அது அழைப்பு. கடைசி ஒலி 'ம்'. அது இந்தச் சமூகத்துப் பெண்கள் சம்மதம் சொல்லும் முறை. நடுவில் ஒரு சின்னச் சத்தம் இருக்கு. தெளிவா இல்லை. தெளிவா இல்லாததுக்கு நாமா அர்த்தம் சொன்னா அது திணிப்பு. அதனால் விட்டுடறோம்."

"நடுவுல 'ணா' கீதுங்க!" என்று நான் கத்தினேன். "மூணயும் சேத்துப் படிங்க!"

ஆதிகேசவன் எழுந்து வந்து, என் விரல் நசுங்காமல் பார்த்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்தினார்.

ஜன்னலைச் சாத்தினாலும் கோபுரத்துக் குழாய் சொல்லிக்கொண்டிருந்தது. "வாணாம்! வாணாம்யா! எனக்கு வாணாம்!" பிறகு சுந்தரமூர்த்தியின் குரல், தழுதழுத்து: "திரும்பத் திரும்ப அழைக்கிறார். எவ்வளவு ஆர்வம் பாருங்கள்." லோயிஸ், "நான் அவனக் கட்டிக்க மாட்டேன்" என்றாள். "இது வழக்கத்தில் இல்லாத ஒலி. அழித்துவிடுங்கள்" என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் எதுவும் சொல்லவில்லை. அந்தச் சும்மா இருந்த நேரமும் குழாய் வழியாக வந்தது, கரகரவென்று. "நான் கேட்டதிலேயே அழகான மௌனம்" என்று மேடம் யாரிடமோ மெல்லச் சொன்னது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"சபையின் பெண்களே, உங்களுக்கும் இது சரிதானே?" என்று கேட்டார் சுந்தரமூர்த்தி.

வாயைத் திறந்தால் வழக்கத்தை மீறியதாகும். அவர்கள் எல்லோரும் சேர்ந்து, "ம்" என்றார்கள். கூடு கலைந்த குளவிச் சத்தம் மாதிரி இருந்தது அது. ஆட்சேபனை ஏதும் இல்லாதபடியால் என்று போதகர் ஆரம்பித்தார். ஆபேல் மணியடிக்கப் போனார். யாராவது நிறுத்தச் சொல்லும்வரை அடித்துக்கொண்டே இருந்தார்.

கல்யாணம் அந்த வாரமே நடந்தது. லோயிஸ் அதற்குப் பிறகு வேலைக்கு வரவில்லை. அவளுடைய கரண்டியை மேஸ்திரி கொஞ்ச நாள் தனியாக வைத்திருந்தார். பிறகு ஆள் பற்றாமல் வேறு ஒருவனிடம் கொடுத்தார்.

குப்பம்மாள் ஒருநாள் பால் வாங்குகிற சாக்கில் மூப்பர் வீட்டுக்குப் போனாள். பென்சன் திண்டில் சாய்ந்திருந்தான். "உள்ள கீறா. பேசமாட்டா. வழக்கம் பாருங்க" என்று சிரித்தானாம். கதவிடுக்கில் லோயிஸ் நின்றிருக்கிறாள்.

"மூஞ்சி பூரா மஞ்ச பூசிகினு இருந்தாய்யா" என்றாள் குப்பம்மாள். "கழுத்து, கையி, அல்லாம் கெட்டியா அப்பியிருந்துச்சி. வேதக்காரங்க எப்பய்யா மஞ்ச பூசனாங்க? கேட்டா, அது அவுங்க வழக்கமாம். போன வாரந்தான் கெடச்சிதாம். மையத்துக்காரங்க வந்து படம் எடுத்துகினு போனாங்களாம்."

"ஒண்ணும் சொல்லலயா?"

"கண்ணால சொன்னா. எனக்குக் கேட்டுச்சி. கேட்டு நான் இன்னா பண்றது?"

மையத்தைப் பெரிதாக்குகிறார்கள். மேலே இன்னொரு மாடி. அந்த வேலை எங்களுக்குத்தான் கிடைத்தது. வாசலுக்கு நேர் மேலே சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருக்கிறேன். கீழே பள்ளிக்கூட வண்டிகளும் மலையிலிருந்து இறங்குகிற வேன்களும் வந்துகொண்டே இருக்கின்றன. வருகிறவர்களை மிஷன் தெரு முறைப்படி வரவேற்கிறார்கள். அனுராதா மேடம் கையைக் கூப்பிச் சொல்லிக்கொடுப்பார்: முதலில் வாயை அகலமாகத் திறந்து "வா", பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, வாயை மூடி "ம்". எல்லோரும் சேர்ந்து சொல்லுவார்கள். மொட்டைத் தலைகள் வெயிலில் மின்னும்.

"வா..."

அந்த இடைவெளி வரும்போது நான் கரண்டியை நிறுத்திவிட்டு, மேலேயிருந்து, என்னால் முடிந்த அளவு சத்தமாக "ணா" என்பேன்.

"...ம்."

நேற்று ஒரு சின்னப் பெண் கூட்டத்தை விட்டு விலகி நின்று அண்ணாந்து பார்த்தாள். "மேடம், நடுவுல யாரோ என்னமோ சொல்றாங்க" என்றாள்.

மேடம் மேலே பார்க்கவேயில்லை.

"கட்டட வேலை நடக்குதும்மா" என்றார். "அந்தச் சத்தம்தான்."